துரையின் சீட்டில் டியூக்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் தோட்டத்துத் துரை தமது ஜீப்பை அப்படியே விட்டுவிட்டு பங்களாவுக்கு நடந்து போனார்.

ஜீப்பில் பழுது ஒன்றும் இல்லை. பெற்றோல் இருந்தது. டயரில் காற்று இருந்தது. சாவிகூட அதிலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சிக்கல்... டிரைவர் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் பெயர் டியூக்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிற பொறுமைசாலிகளுக்கு டியூக்கைத் தெரிந்திருக்கும். சென்ற மழைக்காலத்தில் என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பாய்க்கு அனுப்பியவன். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். டியூக் ஒரு நாய். அப்பா, கிரேட் டேன் என்ற சீமைச் சாதி. அம்மா, குருவிட்ட சந்தியில் கடை கடையாக விசாரித்துத் திரிந்த ஒரு சுதந்திரப் பெண்மணி. உயரம் அப்பாவுடையது. பிடிவாதம் அம்மாவுடையது. பின்னங்காலில் எழுந்து என் தோளில் கையைப் போட்டானென்றால், சம்பள உயர்வு கேட்க வந்த தொழிற்சங்கத் தலைவர் மாதிரியே இருக்கும்.

இங்கேயே பிறந்தவன். அம்மாவும் இந்த மண். ஆகவே பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டிய தேவை அவனுக்கு ஏற்படவில்லை. என் அப்பா விண்ணப்பித்தார். பதில் வருவதற்கு முன்னால் அவர் போய்விட்டார். அது வேறு கதை.

நான் யார்? குருவிட்டவுக்கு மேலே, மழையும் அட்டையும் குறையாத ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர். வாரத்தில் ஒரு நாள் எழுதுவேன். மற்ற நாட்களில் "எஸ் சேர்" சொல்வேன். இரண்டிலும் நல்ல அனுபவம் உண்டு - இரண்டாவதில் கொஞ்சம் கூடுதலாக.

டியூக் என்னிடம் வந்ததே ஏறாமல்போனதால்தான். அவன் பழைய துரையின் நாய். தோட்டங்களைக் கம்பெனிகள் பொறுப்பெடுத்தபோது அந்தத் துரை கொழும்புக்குக் குடிபெயர்ந்தார். சாமான் ஏற்ற லொறி வந்தது. பியானோ ஏறியது. மான் கொம்பு ஏறியது. துரைசாணி வளர்த்த ஓர்க்கிட் பூச்சட்டிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின.

டியூக் ஏறவில்லை.

நாலு பேர் தூக்கினார்கள். முன்பக்கம் ஏறும்போது பின்பக்கம் இறங்கியது. பின்பக்கத்தை ஏற்றினால் முன்பக்கம் தரையில் நின்றது. கடைசியில் துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கிளாக்கர், கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் அனுப்புகிறேன்" என்றார்.

ஆள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

டியூக் எங்கள் குவார்ட்டர்ஸில் சாப்பிட்டான். எங்கள் குவார்ட்டர்ஸில் தூங்கினான். ஆனால் விடிந்ததும் பங்களாவுக்குப் போய், போர்ட்டிகோவின் கீழே காலை நீட்டிப் படுத்துக்கொள்வான். துரை மாறிய விஷயத்தை யாரும் அவனுக்கு முறைப்படி அறிவிக்கவில்லை.

புதிய துரைக்கு வயது முப்பதுக்குள். கம்பெனி அனுப்பிய ஆள். எதற்கும் முகம் சுளிக்க மாட்டார் - நாயைத் தவிர. அதையும் சகித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சென்ற மாதம் கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்து பெரியவர்கள் காரில் வந்தார்கள். டியூக் எழுந்து போய் காரின் கதவருகே நின்றான். கடிக்கவில்லை. குரைக்கவில்லை. சும்மா கண்ணாடிக்குள்ளே எட்டிப் பார்த்தான். அவனுக்கு எட்டுகிற உயரம் அது. பெரியவர்கள் இறங்காமலே காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார் துரை. மாத முடிவுக்குள் அந்த நாய் தோட்டத்தில் இருக்கக்கூடாது. இருந்தால், காவல்காரனிடம் துப்பாக்கி இருக்கிறது.

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

"எஸ் சேர்னு சொல்லிட்டு வந்தீங்களாக்கும்?" என்றாள் என் மனைவி மரகதம்.

"வேற என்னத்தச் சொல்றது?"

"நோ சேர்னு ஒண்ணு இங்கிலீசுல கெடையாதா? அலமாரி நெறைய இங்கிலீசு பொஸ்தகம் வாங்கி அடுக்கியிருக்கீங்களே... ஒண்ணுலயுமா அந்த வார்த்தை இல்ல?"

இருக்கும். நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

எம்பிலிப்பிட்டியவில் மரகதத்தின் தம்பிக்கு வாழைத்தோட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லை. "அனுப்பி வைங்க மச்சான். நல்ல சங்கிலியா வாங்கி வச்சிருக்கேன். கட்டிப் போட்டா ராவு முழுக்கக் கொரைப்பான்ல" என்றான் தொலைபேசியில். இதுவரை கழுத்தில் ஒரு நூல்கூடக் கட்டாத பிராணி. சங்கிலி விஷயத்தை நான் மரகதத்திடம் சொல்லவில்லை. அவள் எப்படியோ தெரிந்துகொண்டாள். இரண்டு நாள் எனக்குத் தேநீர் சீனி இல்லாமல் வந்தது.

ஆனால் துப்பாக்கியா சங்கிலியா என்றால்? சங்கிலிதான். என் போன்றவர்கள் காலம் காலமாகச் செய்துவரும் தெரிவு அது.

குருவிட்டவிலிருந்து சுனில் வேனைக் கொண்டுவந்தார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி, பாதி தமிழும் பாதி சிங்களமுமாகப் பேசுகிற நல்ல மனிதர். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "நகின்ன மல்லி, நகின்ன" என்று தம்பியை ஏறச் சொல்வதுபோல் அன்பாகத்தான் கூப்பிட்டார். டியூக் வேனைப் பார்த்தான். சுனிலைப் பார்த்தான். பிறகு வேனுக்கும் எங்களுக்கும் நடுவே சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துவிட்டான்.

நாங்கள் தள்ளினோம். அவன் உட்கார்ந்தபடியே சறுக்கினான். ஏறவில்லை.

"அனே மாத்தயா, இது சரிவராது" என்றார் சுனில், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "எம்பிலிப்பிட்டிய தூரம். நடுவழியில இவன் மடியில ஏறினா நாங்க ரோட்டோரக் கங்கையிலதான். ஏறவும் சும்மா இருக்கவும் பழக்கிட்டுச் சொல்லுங்க, வாறன். அது சரி... செக் பொயின்ட்ல பல்லாட, இந்த நாயிட, அடையாள அட்டையும் கேட்பானே?"

"அவனிடம் கேட்டாலும் பரவாயில்லை. என்னிடம் கேட்டால்தான் நேரமாகும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கத்தானே வேண்டியிருக்கிறது?

ஆக, மாத முடிவுக்குள் ஒரு கன்றுக்குட்டி உயர நாயை வாகனத்தில் ஏறப் பழக்க வேண்டும். என்னிடம் வாகனம் கிடையாது. தோட்டத்து லொறியில் கொழுந்து போகிறது. கடைசியில் ஞாபகம் வந்தது - ஸ்டோருக்குப் பின்னால், கொட்டகையில், பழைய துரையின் ஜீப்!

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதன் பின்னால் நாலு கல்லின்மேல் நின்றுகொண்டிருந்தது அந்த ஜீப். என்ஜின் இல்லை. சக்கரம் இல்லை. கதவுகள் இல்லை. சீட்டும் ஒன்றுதான் மிச்சம் - டிரைவர் சீட். மற்றது எங்கே என்று கேட்காதீர்கள். அதில் உட்கார்ந்துகொண்டுதான் இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

நாய் வளர்ப்பைப் பற்றி என் அலமாரியில் ஓர் ஆங்கிலப் புத்தகம் உண்டு. பொறுமையாக இரு, பாராட்டு, தின்னக் கொடு என்பதுதான் அதன் சாரம். எழுதியவர் டியூக்கைச் சந்தித்ததில்லை.

சீட்டின்மேல் ஒரு மாரி பிஸ்கட் வைத்தேன். டியூக் வந்தான். நாலு காலும் தரையில் இருக்க, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி எடுத்துக்கொண்டான். அந்தக் கழுத்துக்கு அது ஒரு தூரமே இல்லை. இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன். அவன் யோசித்தான். ஜீப்பைச் சுற்றிக்கொண்டு போய், கதவில்லாத அடுத்த பக்கத்தால் எடுத்துக்கொண்டான். மறுநாள் பிஸ்கட்டுக்குப் பதில் கருவாடு. தோட்டத்து நாய்கள் அத்தனையும் ஏறின. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. டியூக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, வாக்களிக்கப் பிடிக்காதவன் தேர்தல் கூட்டத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பும் பாதை அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் போகிறது. தினமும் ஒரு கூட்டம் நின்று பார்க்கும். கூட்டத்துக்குத் தலைமை, பாக்கியம். கொழுந்து எடுப்பதில் கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம்.

"என்னங்கய்யா, இன்னும் ஏறலயா?"

"ஏறுவான். பழக வேணும்."

"எதுக்குங்க ஏறணும்? நாய்க்கு நம்மள விடப் புத்தி இருக்குங்க. லொறியில ஏறிப் போனவங்க யாரு திரும்பி வந்திருக்காங்க?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

பாக்கியத்தின் அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குப் போனது தோட்டத்து லொறியில்தான். கழுத்தில் மாலை போட்டு, 'ஊருக்குப் போகிறார்கள்' என்று ஏற்றிவிட்டோம். அவர்கள் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடப் பார்த்திராத ஊர்! கலவர காலத்தில் எங்களையெல்லாம் முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனதும் அதே லொறிதான். திரும்பி வந்தபோது நாங்கள் இருந்தோம், கூரைதான் இல்லை. அதற்கும் முந்திய தலைமுறையை ஏற்றிக்கொண்டு வந்தது கப்பல். யாரும் பிஸ்கட் காட்டவில்லை. பொறுமையாக இரு, பாராட்டு என்று எந்தப் புத்தகத்தையும் படிக்கவில்லை. 'ஏறு' என்றார்கள். ஏறினோம்.

'ஏற மாட்டேன்' என்று நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்ற ஒரு ஜீவனை என் சர்வீஸில் முதல்முதலாகப் பார்க்கிறேன். அவனைத்தான் கருவாடு காட்டிப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் பழக்கினேன். துப்பாக்கி இருக்கிறதே?

அடுத்து, செய்துகாட்டுவது என்று முடிவு செய்தேன். நானே ஜீப்பில் ஏறி, ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு பிஸ்கட்டைக் கடித்தேன். "பார், எவ்வளவு சுகமாக இருக்கிறது!" என்று டியூக்கிடம் சொன்னேன். என்ஜின் இல்லாத ஜீப். சக்கரம் இல்லாத ஜீப். தலை நரைத்த ஒரு பெரிய கிளாக்கர், கல்லின்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துப் பெண்கள் வந்தார்கள். தூறல். குடைகள் விரிந்திருந்தன.

இங்கே ஒரு தோட்டத்து வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். துரையின் வாகனம் பாதையில் வந்தால் ஆட்கள் ஓரத்துக்கு ஒதுங்கி, விரித்த குடையை மடக்கிவிட்டு நிற்பார்கள். வெயிலானாலும் சரி, மழையானாலும் சரி. எந்தச் சட்டத்திலும் இது இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் ஜீப் சத்தம் கேட்டால் கை தானாகவே குடைக் கம்பியைத் தேடும். அதேபோல் துரையின் ஜீப்பை யாரும் தொடமாட்டார்கள். துரை சாவியை அதிலேயே விட்டுவிட்டு தேயிலை மலைக்குப் போய்வரலாம். ஒரு கை அதன்மேல் படாது.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள். பாதையோரத்துக்கு ஒதுங்கினாள். குடையைப் பட்டென்று மடக்கினாள்.

"சலாமுங்க தொரெ!"

அவ்வளவுதான். வரிசையாக எல்லாக் குடைகளும் மடங்கின. "சலாமுங்க தொரெ! சலாமுங்க தொரெ!" பெரிய கிளாக்கருக்குத் துரை உத்தியோகம் கிடைத்த சந்தோஷத்தில் தூறலில் நனைந்துகொண்டே சிரித்தார்கள். நான் பிஸ்கட்டை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

டியூக் சிரிக்கவில்லை. காது இரண்டையும் நிமிர்த்திக்கொண்டு குடைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அது அவனுக்குத் தெரிந்த காட்சி. பழைய துரையின் ஜீப்புக்குப் பின்னால் பல வருடம் ஓடியவன் அவன். எத்தனை குடைகள் மடங்குவதைப் பார்த்திருப்பான்!

மறுநாள் நான் போகவில்லை. வெட்கம். கொட்டகைப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்று ஆபீசிலேயே உட்கார்ந்திருந்தேன். பின்னேரம் பாக்கியம் ஜன்னலுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள்.

"ஐயா! வந்து பாருங்க! ஒங்க வேலைய ஒங்க நாயி பாக்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். டிரைவர் சீட்டில், நிமிர்ந்து, ஸ்டேரிங்குக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் டியூக். யாரும் கூப்பிடவில்லை. யாரும் தள்ளவில்லை. பெண்கள் வரிசையாக நின்று குடையை மடக்கி, "சலாமுங்க தொரெ!" என்றார்கள். ஒவ்வொரு குடைக்கும் தலையை லேசாகத் திருப்பி ஏற்றுக்கொண்டான். உண்மையைச் சொன்னால், என்னைவிட அவனுக்குத்தான் அது பொருத்தமாக இருந்தது.

பிஸ்கட்டுக்கு ஏறாதவன், கருவாட்டுக்கு ஏறாதவன், மரியாதைக்கு ஏறினான்!

என் அலமாரிப் புத்தகத்தில் இந்த அத்தியாயம் இல்லை. சேர்க்கலாம். நாய்களுக்கு மட்டுமல்ல.

அதற்குப் பிறகு தினமும் பின்னேரம் அவன் எங்களுக்கு முன்னாலேயே போய் ஏறிக்கொண்டான். நான் சுனிலுக்கு ஆள் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை காலை வரச் சொன்னேன். மாத முடிவு அந்த வாரம்தான். டியூக் ஏறிவிட்டான், வேலை முடிந்தது என்று நினைத்தேன். கடைசி நிமிடம் வரை முட்டாள் நம்பிக்கை என்னோடு வந்துகொண்டேதான் இருக்கிறது.

செவ்வாய் காலை. தூறல். சுனிலின் வேன், ஆபீசுக்கு முன்னாலுள்ள பிரட்டுக்களத்தில் நின்றது - காலையில் ஆட்கள் கூடி வேலை பிரித்துக்கொள்கிற இடம். எல்லாரும் குடையோடு நின்றார்கள். மரகதமும் வந்திருந்தாள். காலையில் டியூக்குக்கு நெய் போட்டுச் சோறு வைத்தாள். எனக்கு நெய் போட்டு எத்தனை காலம் என்று கேட்கத் தோன்றியது. அவள் கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

சுனில் கதவைத் திறந்தார். டியூக் வேனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.

"பழக்கியாச்சு எண்டீங்களே மாத்தயா?" என்றார் சுனில்.

"பழக்கினோம். ஜீப்பில் ஏறுவான்."

"எனக்கிட்ட இருக்கிறது வேன் தானே?"

இப்படி ஒரு தவறை எங்கள் தோட்டத்தில்தான் செய்யமுடியும். ஓடாத வண்டியில், ஒரே சீட்டில், சலாம் போட்டுப் பழக்கிவிட்டு, ஓடுகிற வேனின் பின்சீட்டில் சும்மா ஏறு என்றால் எந்தத் தன்மானமுள்ளவன் ஏறுவான்?

அப்போதுதான் ஜீப் சத்தம் கேட்டது. துரை. நாய் போவதைத் தம் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தாரோ என்னவோ. ஜீப் பிரட்டுக்களத்தில் வந்து நின்றது. என்ஜின் நின்றது. துரை இறங்கினார். கதவை அப்படியே விட்டார். அவர் கதவை அடைப்பதில்லை. யார் தொடப்போகிறார்கள்?

கைகள் தாமாகவே வேலை செய்தன. பட், பட், பட்டென்று அத்தனை குடைகளும் மடங்கின.

டியூக் எழுந்தான்.

நான் "டியூக்!" என்று கத்தினேனா, அல்லது கத்தவேண்டும் என்று நினைத்தேனா தெரியவில்லை. ஒரே தாவல். துரைக்கும் கதவுக்கும் நடுவே புகுந்து, டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்டேரிங்குக்கு மேலே தலையை வைத்து, குடைகளைப் பார்த்து லேசாகத் தலையைத் திருப்பினான்.

பிரட்டுக்களமே எட்டிப் பார்த்தது.

இந்தத் தோட்டம் காடாக இருந்து தேயிலையான நாளிலிருந்து, துரையைத் தவிர ஒருவரும் உட்காராத இடம் அது.

"எறக்கு!" என்றார் துரை. "எறக்கு நாயை!"

யாரும் அசையவில்லை. துரை, காவல்காரர் செல்லையாவைப் பார்த்தார். தோளில் துப்பாக்கியோடு நின்றார் செல்லையா. அறுபதை நெருங்குகிற, எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனிதர்.

"தொரெ வண்டியில நாங்க கை வைக்கப்படாதுங்களே" என்றார் செல்லையா, மிகுந்த பணிவோடு.

துரை என் பக்கம் திரும்பினார். "கிளாக்கர்! நீங்கள்தானே பழக்கினீர்கள்? இறங்கச் சொல்லுங்கள்!"

நாக்கின் நுனியில் அந்த இரண்டு வார்த்தைகளும் வழக்கம்போல் தயாராக நின்றன. எஸ் சேர். சொல்லியிருப்பேன். ஆனால் மரகதம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர்... ஏறத்தான் பழக்கினோம். இறங்கப் பழக்கவில்லை."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துரையின் முகம் சிவந்தது.

"செல்லையா! துப்பாக்கி எடு!"

செல்லையா துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார். செல்லையா ஜீப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். குனிந்து சீட்டைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சுடலாங்க. ஆனா தோட்டா நாயிக்குள்ளயே நிக்காதுங்களே. அப்படியே போயி சீட்டு... அப்புறம் என்னென்னமோ இருக்குங்களே உள்ளுக்கு..."

"கம்பெனி வண்டி சேர்" என்றேன். என் குரல் இல்லை அது. ஆனால் என் வாயிலிருந்துதான் வந்தது. "கொழும்புக்குக் காரணம் எழுதவேண்டியது நான்தான். என்னவென்று எழுதட்டும் சேர்?"

துரை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் புது அனுபவம். வந்தது வரட்டும் என்று மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்.

"நாய் எங்கள் வீட்டில் இருக்கும் சேர். எங்கேயும் போகாது."

தூறல் வலுத்தது. துரைக்குக் குடை இல்லை. துரைமாருக்கு எதற்குக் குடை? ஜீப் இருக்கிறதே. ஆனால் ஜீப்பில் இப்போது இடம் இல்லை. அவர் தலைமுடியிலிருந்து தண்ணீர் வடிந்து மூக்கு நுனியில் நின்றது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. பட்!

பாக்கியம் தன் குடையை விரித்திருந்தாள். துரை நின்றுகொண்டிருக்கும்போதே. பக்கத்திலிருந்தவள் அவளைப் பார்த்தாள். பட்! அடுத்தது. பட், பட், பட்! பிரட்டுக்களம் முழுக்கக் கறுப்பும் பூவுமாக விரிந்துவிட்டது. யாரும் கூச்சல் போடவில்லை. மழை பெய்தது, குடை விரித்தார்கள். குற்றமா?

துரை மூக்கு நுனியைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, பங்களாப் பாதையில் நடந்தார். வேலைநிறுத்தத்தைச் சமாளிக்கக் கம்பெனி அவருக்குப் பழக்கியிருக்கும். இதைப் பழக்கியிருக்காது.

"மாத்தயா" என்றார் சுனில், வேன் கதவை அடைத்துக்கொண்டே. "எம்பிலிப்பிட்டிய பயணம் கென்சல் தானே?"

"கென்சல்!" என்றாள் மரகதம். என்னை முந்திக்கொண்டு.

டியூக் எப்போது இறங்கினான் என்கிறீர்களா? பெண்கள் மலைக்குப் போனபிறகு. சலாம் போட ஆளில்லை என்று தெரிந்ததும் தானாகவே இறங்கி, வீட்டுக்கு வந்து, என் கட்டிலில் படுத்துக்கொண்டான்.

மாத முடிவு வந்தது, போனது. நாயைப் பற்றித் துரை ஒரு வார்த்தை பேசவில்லை. உத்தரவை வாபஸ் வாங்கவும் இல்லை. எனக்கு இடமாற்றம் வரலாம் என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். வரட்டும். சாமான் ஏற்ற வருகிற லொறியில் முதலில் டியூக்கை ஏற்றிப் பார்க்கட்டும். அவன் ஏறாவிட்டால் நானும் ஏறுவதாக இல்லை. ஒரே ஒரு மாறுதல்தான் கண்ணுக்குத் தெரிகிறது. துரை இப்போது ஜீப்பை விட்டு இறங்கினால் கதவைப் பூட்டுகிறார்.

நேற்றுப் பின்னேரம் ஆபீஸ் முடிந்து வந்துகொண்டிருந்தேன். நல்ல மழை. டியூக் முன்னால் நடந்தான். பின்னால் ஜீப் சத்தம். பாதையோரத்துக்கு ஒதுங்கினேன். கை குடைக் கம்பிக்குப் போனது. இத்தனை வருடப் பழக்கம் அல்லவா?

போன கை, அங்கேயே நின்றது.

ஜீப் என்னைக் கடந்து போனது. குடை விரிந்தபடியே இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தேன்... சட்டை நனையவே இல்லை! குடையால் இப்படியொரு உபயோகம் இருப்பது இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே!